தாத்தாவோட நெட்டைக் கடியாரம், சாவி திரும்ப மாட்டேங்குது, உள்ள மெஷின் செத்துருச்சா?

பாகான் ஆஜாம் அக்கா:

வணக்கம் எல்லாருக்கும். பழைய கடியாரம் பத்தி தெரிஞ்சவங்க இருந்தா கொஞ்சம் பார்த்து சொல்லுங்க, ரெண்டு வாரமா இதே யோசனையா இருக்கு. எங்க தாத்தா பினாங்கு நிபோங் திபால் பக்கம் ஒரு வெள்ளக்காரன் கித்தா (ரப்பர்) தோட்டத்துல கிராணியா, அதான் கணக்கு எழுதுறவரா, இருந்தவரு. தோட்டங்கள துண்டு போட்டு வித்தாங்கல்ல அந்த காலத்துல துரை ஊருக்கு கிளம்பும்போது பங்களா சாமானெல்லாம் வித்துட்டு போனாரு, தாத்தா 40 வெள்ளி (மலேசியா காசு) குடுத்து ஆளுயர கடியாரம் ஒண்ண லாரில ஏத்தி வீட்டுக்கு கொண்டாந்துட்டாரு. பாட்டி அந்த மாசம் முழுக்க அவர்கூட பேசலயாம். தாத்தா 1984-ல தவறுனாரு, அதோட கடியாரமும் நின்னது, அதுக்கப்புறம் யாரும் தொடல, மாடிப்படிக்கு கீழ துணி போட்டு மூடி வச்சிருந்தோம்.

இப்ப வீட்டு ரிப்பேருக்காக வெளிய எடுத்தோம். 6 அடி 8 அங்குலம் உயரம், மரம் தேன் கலர், முகப்பு வெள்ளை பெயின்ட், நாலு மூலைலயும் சின்ன சின்னதா ரோஜாப்பூ. மணிக்கு ரோமன் நம்பரு, அதுக்கு வெளிய சுத்தி 5, 10, 15-னு நிமிச நம்பரும் போட்டிருக்கு. முள்ளு ரெண்டும் கருநீலமா இரும்பு. நடுவுல ஏதோ பேரு எழுதி அழிஞ்சிருச்சு, படிக்க முடியல. முகப்புல சாவி போடுற ஓட்டை ரெண்டு, அதுக்குள்ள சதுரமா தண்டு தெரியுது. சாவி வாங்கி போட்டா ரெண்டுமே அசைய மாட்டேங்குது. உள்ள ஈய குண்டு மாதிரி ஒரே ஒரு எடை, ஒரு துருப்பிடிச்ச சங்கிலி, ஒரு நீள ஊசல்.

ஜார்ஜ்டவுன்ல ஒரு கடைக்காரர கூட்டிட்டு வந்து காட்டுனேன். மெஷின் ஜாம் ஆயிருச்சு, பல்லெல்லாம் தேஞ்சு போச்சு, கழட்டிட்டு பேட்டரி மெஷின் வச்சா 350 வெள்ளி, பெட்டிக்கு நல்லா லாக்கர் அடிச்சா இன்னொரு 600-ன்னாரு. எடை ஒண்ணுதான் இருக்கு இன்னொண்ணு தொலைஞ்சிருச்சுன்னும் சொன்னாரு. அம்மாவ கேட்டா, தாத்தா சாவி போட்டு பார்த்ததே இல்ல, தினமும் ராத்திரி படுக்க போறதுக்கு முன்னாடி கதவ தொறந்து உள்ள கை விட்டு எதையோ இழுப்பாரு, கரகரன்னு சத்தம் கேக்கும், அதான் எங்களுக்கு தூங்குற நேரம்ங்கறாங்க.

இன்னொரு விசயம். கதவுக்கு உள்பக்கம் தாத்தா பென்சில்ல எழுதி வச்சிருக்காரு. மேல 3-2-62, பக்கத்துல "2 நி 10 வி பின்". ஒரு வாரம் கழிச்சு "1 நி 25 வி பின்". அதுக்கப்புறம் "45 வி பின்". கடைசில "சரி". பின்னா லேட்டா ஓடுதுன்னு அர்த்தம்னு நெனைக்கிறேன், மத்தபடி என்ன கணக்குன்னு புரியல. பேட்டரி போடுறதா, அப்படியே விட்டுர்றதா? வெள்ளிக்கிழமைக்குள்ள கடைக்காரருக்கு பதில் சொல்லணும்.

ஜெலுத்தோங் தம்பி:

அக்கா என் கருத்து, ஓடாத கடியாரத்த வச்சிக்கிட்டு வேதனப்படுறத விட பேட்டரி போட்டுட்டா நேரமாவது காட்டும். விக்கிறதா இருந்தா ஞாயித்துக்கிழமை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைல கேட்டு பாருங்க, ஆனா நல்ல விலை கிடைக்காது, இங்கிலாந்துலயே இந்த மாதிரி பெரிய மரச்சாமான் விலை ரொம்ப எறங்கிருச்சு, சின்ன வீட்டுல யாரு வைக்கிறது. பெட்டிய மட்டும் நல்லா பாலிஷ் பண்ணி ஹால்ல வச்சா அழகா இருக்கும்லா.

செந்தூல் கடியாரக்காரர்:

தங்கச்சி, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி இத படிச்சிருங்க. கடைக்காரருக்கு வேணாம்னு சொல்லிருங்க. உங்க மெஷின் ஜாம் ஆகல. கோலாலம்பூர்ல பத்து ரோடுங்கற தெருவுல 30 வருசத்துக்கு மேல கடியார வேலை பார்த்தவன் சொல்றேன், அந்த ரெண்டு சாவி ஓட்டையும் பொய் ஓட்டை. சதுரத் தண்டு டயல்லயே ஒட்ட வச்சது, பின்னாடி மெஷினோட அதுக்கு சம்பந்தமே கிடையாது, பலமா திருப்பினா டயல் பெயின்ட்தான் உதிரும். இனிமே சாவி போடாதீங்க.

விசயம் என்னன்னா, அந்த காலத்துல நெட்டைக் கடியாரத்துல ரெண்டு ஜாதி. ஒண்ணு 8 நாள் ஓடுறது, அதுக்கு ரெண்டு எடை, முகப்புல ரெண்டு சாவி ஓட்டை, வாரம் ஒரு தடவ சாவி குடுக்கணும், விலை ஜாஸ்தி. இன்னொண்ணு 30 மணி நேரம் ஓடுறது, கிராமத்துல பெரும்பாலும் அதான், ஒரே எடை, சாவியே கிடையாது, தினமும் கதவ தொறந்து சங்கிலிய இழுத்து எடைய மேல ஏத்தணும். ஏன் 30? நாளைக்கு ஒரு நேரம் இழுக்கணும்னா 24 மணி நேரம் ஓடுனா போதும், ஆனா ஒரு நாள் வயல்ல வேலை முடிச்சு லேட்டா வந்தாலும் நிக்காம இருக்க மேல ஒரு 6 மணி நேரம் குடுத்தாங்க. இந்த கிராமத்து கடியாரத்த வாங்குறவங்க, வர்றவங்க பார்த்தா 8 நாள் கடியாரம் மாதிரி தெரியட்டும்னு டயல்ல பொய் ஓட்டை வைக்க சொல்லி வாங்குவாங்க. உங்க அம்மா சொன்ன கரகர சத்தம்தான் எனக்கு எல்லாத்தையும் சொல்லிருச்சு, அது சங்கிலி பல்லுல ஏறுற சத்தம். தாத்தாவுக்கு அது எப்படி ஓடும்னு நல்லா தெரிஞ்சிருக்கு.

எடை ஒண்ணு தொலையல. ஒரே எடைதான் மணி காட்டுற பக்கத்தையும் மணி அடிக்கிற பக்கத்தையும் சேர்த்து ஓட்டும். சங்கிலி முடிவில்லாத வளையமா ரெண்டு பக்கத்து பல்லு உருளை மேலயும் போயி வரும், எடை ஒரு கப்பியில தொங்கும், நீங்க மணி அடிக்கிற பக்கத்துலதான் இழுப்பீங்க, அதனால இழுக்கும்போது கூட நேரம் ஓடுற பக்கத்துக்கு பாரம் ஒரு நொடியும் குறையாது. இத கண்டுபிடிச்சவரு டச்சுக்காரர் ஹைகன்ஸ், 1656-ல முதல் ஊசல் கடியாரம் செஞ்சாரே அதே ஆளு. 300 வருசத்துக்கு மேல ஆகியும் இத விட சுலபமான வழி எனக்கு தெரியல. அதுல இன்னொரு சாமானும் இருந்திருக்கணும், சங்கிலியோட லூசான பக்கத்த கொஞ்சம் இறுக்கி வைக்க ஈயத்துல ஒரு சின்ன வளையம், நடுவுல ஓட்டையோட வடை மாதிரி இருக்கும். அது இல்லாம ஓட்டாதீங்க, சங்கிலி பல்லுல இருந்து வழுக்கும். வீட்ட தேடுங்க.

தம்பி ஜெலுத்தோங், கோவிச்சுக்காதீங்க, பேட்டரி போடணும்னா டயல் நடுவுல ஓட்டைய பெருசு பண்ணுவாங்க, பின்னாடி இருக்குற காலு நாலையும் அறுப்பாங்க, பழைய மெஷின் பித்தளை விலைக்கு போகும். அதுக்கப்புறம் யாராலயும் திருப்ப முடியாது.

பித்தளை சக்கரத்தோட பல்லு உண்மையிலயே தேயுறது அபூர்வம், தேயுறது அச்சு முனையும் அது நிக்கிற ஓட்டையும்தான், அத சரி பண்றது எங்க தினசரி வேலை. 40 வருசமா ஓடல, பழைய எண்ணெய் இப்ப பிசினா காஞ்சிருக்கும், அதனால நேரா எடைய மாட்டி ஓட்டாதீங்க. மொதல்ல முழுசா கழட்டி கழுவணும். வீட்டுல இருக்குற தையல் மெஷின் எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீங்க. சக்கரத்து பல்லுல எண்ணெயே படக்கூடாது, படுறதெல்லாம் தூசிய பிடிச்சு உப்புத்தாள் மாதிரி அறுக்கும். டயல் நம்பர துணியால கூட தொடைக்காதீங்க, அந்த கருப்பு எழுத்து வெறும் தண்ணிக்கே போயிரும், உங்க டயல்ல இருந்த பேரு அழிஞ்சதும் யாரோ பளபளன்னு தொடைச்சதுனாலதான்.

உங்க கடியாரம் எந்த காலம்னு கேக்கல, இருந்தாலும் சொல்றேன். வெள்ளை பெயின்ட் டயல் 1770-கள்லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாம் பித்தளை டயல். 1772-ல பர்மிங்ஹாம்ல ஆஸ்போர்ன், வில்சன்னு ரெண்டு பேரு கூட்டா சேர்ந்து இந்த டயல் விக்குறோம்னு விளம்பரம் குடுத்தாங்க. மூலைல சின்னதா பூ மட்டும், நிறைய வெள்ளை எடம், நிமிசத்துக்கும் நம்பரு, இரும்பு முள்ளு, இதெல்லாம் ஆரம்ப கால அடையாளம். பிற்காலத்துல மூலை முழுக்க படம் வரைஞ்சாங்க, நிமிச நம்பரு போச்சு, பித்தளை முள்ளு வந்துச்சு. நீங்க சொன்னத வச்சு பார்த்தா 1780-ல இருந்து 1800-க்குள்ள இருக்கணும். அழிஞ்ச பேரும் இத முழுசா செஞ்சவன் பேருன்னு நெனைக்காதீங்க, டயல் ஒரு ஊருல இருந்து வரும், வார்ப்பு சக்கரம் இன்னொரு ஊருல இருந்து வரும், அந்த ஊரு கடியாரக்காரன் அத அரம் போட்டு பொருத்தி, உள்ளூரு தச்சன் பெட்டி செய்வான். கிராமத்து கடியாரத்தோட அழகே அதுதான், நாலு பேரு கை.

ஆயர் ஈத்தாம் மரவேலை:

அக்கா, நான் பழைய பெட்டி, பீரோ ரிப்பேர் பண்றவன், பெட்டி பத்தி மட்டும் சொல்றேன். லாக்கர் வேணாம் அக்கா, தயவு செஞ்சு வேணாம். அந்த தேன் கலரு ஓக் மரம், 200 வருசம் மெழுகும் கை பட்டதும் சேர்ந்து வந்த நிறம், சுரண்டி லாக்கர் அடிச்சா ஒரே நாள்ல போயிரும், திரும்ப வராது. கதவு பலகைய சன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க, குறுக்கால மீன் செதில் மாதிரி பளபளன்னு கோடு கோடா தெரிஞ்சா அது மரத்த நடுவுல இருந்து கதிர் வாக்குல அறுத்த பலகை, சீக்கிரம் வளையாது, அந்த கிராமத்து தச்சருக்கு அது தெரிஞ்சிருக்கு. லண்டன்ல செஞ்ச பெட்டின்னா வெளிய மெல்லிசா வால்நட் இல்ல மஹோகனி தகடு ஒட்டி மினுக்குவாங்க, கிராமத்துல அதெல்லாம் இல்ல, முழு ஓக் பலகைதான், சில பெட்டில கதவு ஓரத்துல மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மஹோகனி பட்டை ஒட்டி இருப்பாங்க, அது ஒண்ணுதான் ஆடம்பரம். இத செஞ்ச தச்சன் மறுநாள் வண்டிச்சக்கரம் செய்வான், கதவு செய்வான், சவப்பெட்டியும் செய்வான். இங்க நம்ம ஆசாரிங்களும் அப்படித்தான இருந்தாங்க, ஒரே உளிதான் எல்லாத்துக்கும்.

இப்ப நீங்க பார்க்க வேண்டியது, இந்த மெஷினும் இந்த பெட்டியும் பொறந்ததுல இருந்து ஒண்ணா இருந்ததா இல்ல யாராவது வேற வேற எடத்துல இருந்து சேர்த்து வச்சதான்னு. இங்கிலாந்துல இத கல்யாணம்னே சொல்லுவாங்க. மேல கூடு மாதிரி இருக்குல்ல, கண்ணாடி கதவோட, அது முன்னாடி இழுத்தா வழுக்கிட்டு வரும், மெதுவா ரெண்டு பேரு சேர்ந்து இழுங்க, கண்ணாடி பழசு. கூட்ட எடுத்தப்புறம் மெஷின் ஒரு பலகை மேல உக்காந்திருக்கும். அந்த பலகை பெட்டியோட ரெண்டு பக்கத்து மரத்து மேல நேரா உக்காந்திருக்கா இல்ல அடியில சின்ன சின்ன கட்டை வச்சு ஏத்தி இருக்கா பாருங்க. பலகையில ஆணி ஓட்டை ரெண்டு ஜோடி இருந்தா சந்தேகப்படணும். டயலுக்கும் கூட்டுக்கும் நடுவுல எடம் விட்டு மரத்துண்டு ஒட்டி இருந்தாலும் சந்தேகம்தான். ஒண்ணும் இல்லன்னா நீங்க குடுத்து வச்சவங்க.

அடி பலகைய தட்டி பாருங்க. தண்ணி பட்டு அழுகறது எப்பவும் அடியிலதான், இங்கிலாந்துல கல்லு தரை ஈரம், இங்க மோப் போட்டு தொடைக்கிற தண்ணி. கரையானும் அங்க இருந்துதான் ஏறும், ஓக் கொஞ்சம் தாங்கும், பின்பலகை பைன் மரமா இருந்தா பிஸ்கட் மாதிரி தின்னுரும். ஒட்டு விட்டிருந்தா எபாக்ஸி போடாதீங்க, அந்த காலத்து தச்சன் போட்டது தோல்ல காய்ச்சின வஜ்ரம், நானும் வஜ்ரம்தான் போடுவேன், நாளைக்கு வேற யாராவது பிரிக்கணும்னா வெந்நி பட்டா விட்டுக் குடுக்கும்.

பாகான் ஆஜாம் அக்கா:

எனக்கு இப்ப அழுகையே வந்துருச்சு. ஐயா சொன்ன ஈய வளையம் எங்க வீட்டுல எத்தன வருசமா இருக்கு தெரியுமா! அம்மா தண்ணி பில்லு லைட்டு பில்லு பறக்காம இருக்க அதத்தான் மேல வைப்பாங்க, சாமி ரூம் பக்கத்து மேசையில. நான் சின்ன பிள்ளைல அத மோதிரம் மாதிரி ரெண்டு விரல்ல மாட்டி விளையாடுவேன், தாத்தா வாங்கி வச்சிருவாரு, இது கடியாரத்தோட தாலின்னு சொல்லுவாரு, நான் ஏதோ கதைன்னு நெனைச்சேன்.

கூட்ட எடுத்து பார்த்தோம் தம்பி, நானும் என் மகனும். கட்டை எதுவும் இல்ல, பலகை நேரா மரத்து மேல உக்காந்திருக்கு, ஒரு ஜோடி ஓட்டைதான். அடியில முன்பக்க பலகை மட்டும் வேற மரம், சிவப்பா லேசா இருக்கு. கடைக்காரருக்கு வேணாம்னு சொல்லிட்டேன். ஐயா, மெஷின நீங்களே பார்ப்பீங்களா, நான் கொண்டு வர்றேன்.

ஆயர் ஈத்தாம் மரவேலை:

சிவப்பா லேசா இருந்தா மெராந்தி அக்கா, இங்க கிடைக்கிற மரம். நம்ம ஊரு தச்சர் யாரோ மாத்தி இருக்காரு, தோட்டத்து தச்சராவே இருக்கலாம். அத மாத்தாதீங்க. அதுவும் இப்ப அதோட கதை.

பிரிக்ஃபீல்ட்ஸ் பௌதிக வாத்தியார்:

எல்லாரும் மெஷின் பெட்டின்னு பேசுறீங்க, நான் அந்த பென்சில் எழுத்துலயே மாட்டிக்கிட்டேன், நேத்து ராத்திரி 1 மணி வரைக்கும் கணக்கு போட்டேன். அக்கா, உங்க தாத்தா பூமியோட வடிவத்த அந்த கதவுல எழுதி வச்சிருக்காரு.

நெட்டைக் கடியாரத்து ஊசல் ஒரு பக்கம் போக ஒரு வினாடி, திரும்பி வர ஒரு வினாடி. அதுக்கு நீளம் கிட்டத்தட்ட 99 சென்டிமீட்டர், அதனாலதான் பெட்டி இவ்வளவு உயரம். ஊசல் ஆடுற வேகம் நீளத்தையும் புவியீர்ப்பையும் பொறுத்தது. புவியீர்ப்பு எல்லா ஊருலயும் ஒண்ணு இல்ல, பூமி சுத்துறதாலயும் நடுவுல கொஞ்சம் பெருத்து இருக்குறதாலயும் நிலநடுக்கோட்டு பக்கம் குறைவு. லண்டன்ல 9.812, பினாங்குல 9.781. பார்க்க சின்ன வித்தியாசம், ஆனா ஒரு நாளைக்கு 86,400 தடவ ஆடுற ஊசலுக்கு அது கூடிக்கிட்டே போகும். கணக்கு போட்டா இங்கிலாந்துல சரியா ஓடுன கடியாரத்த ஊசல தொடாம அப்படியே பினாங்குக்கு கொண்டாந்தா ஒரு நாளைக்கு ரெண்டேகால் நிமிசம் பின்தங்கும். இங்க இருக்குற சூட்டுல இரும்பு தண்டு நீளறது இதுல சின்ன பங்குதான், ஒரு டிகிரிக்கு நாளைக்கு அரை வினாடி, ஆக அஞ்சாறு வினாடி. தாத்தா எழுதுனது 2 நிமிசம் 10 வினாடி!

இத உலகத்துல மொதல்ல பார்த்தது ழான் ரிஷேன்னு ஒரு பிரெஞ்சு வானியல்காரர், 1672-ல தென் அமெரிக்கால கயேன் ஊருக்கு போனாரு, பாரிஸ்ல சரியா ஓடுன கடியாரம் அங்க தினமும் ரெண்டரை நிமிசம் கிட்ட லேட்டாச்சு, ஊசல 3 மில்லிமீட்டர் கிட்ட சுருக்குன அப்புறம்தான் சரியாச்சு. நம்பாம பல பேரு சூட்டுனாலன்னு சொன்னாங்க. நியூட்டன் 1687-ல எழுதுன புத்தகத்துல பூமி துருவத்துல தட்டையா இருக்குன்னு சொன்னதுக்கு இதயும் ஆதாரமா காட்டுனாரு. கயேன் எங்க இருக்கு தெரியுமா, வடக்கே 5 டிகிரி. பினாங்கும் வடக்கே 5 டிகிரிதான். வகுப்புல எத்தனையோ வருசம் இத பாடமா எடுத்திருக்கேன், நம்ம ஆளு ஒருத்தரு தோட்டத்து வீட்டுல உக்காந்து அதே அளவ எடுத்திருக்காருன்னு நெனைக்கும்போது உடம்பு சிலிர்க்குது.

இப்ப அடுத்த வரி பாருங்க. ஊசல் குண்டுக்கு அடியில ஒரு நட்டு இருக்கும், அத திருகினா குண்டு மேல ஏறும், ஊசல் குட்டையாகும், கடியாரம் வேகமாகும். 1 மில்லிமீட்டர் ஏத்துனா ஒரு நாளைக்கு 43 வினாடி வேகம். 2 நிமிசம் 10-ல இருந்து 1 நிமிசம் 25, அங்கிருந்து 45 வினாடி, அங்கிருந்து சரி. ஒவ்வொரு தடவயும் 45 வினாடி கிட்ட குறையுது, அதாவது ஒவ்வொரு வாரமும் ஒரு மில்லிமீட்டர், மொத்தம் 3 மில்லிமீட்டர். எடுத்த உடனே முழுசா திருகி விடல, ஒரு வாரம் பார்த்து, எழுதி, அப்புறம் அடுத்தது. ஆய்வுக்கூடத்துல பிள்ளைங்களுக்கு நான் கத்துக் குடுக்க பாடுபடுறது இதத்தான்.

ஒரு கேள்வி, துரை இருக்கும்போது இத ஏன் யாரும் சரி பண்ணல?

பாகான் ஆஜாம் அக்கா:

சார், அம்மாவுக்கு படிச்சு காட்டுனேன், ரெண்டு தடவ படிக்க சொன்னாங்க. துரை பங்களாவுல சமையக்காரரு தினமும் விடியக்காலைல பெரட்டுக்கு, அதான் தோட்டத்து ஆளுங்கள பேரு கூப்பிட்டு எண்ணுறதுக்கு, முன்னாடி முள்ள கையால தள்ளி வைப்பாராம், அது வேலையில ஒண்ணு. தாத்தாதான், கடியாரத்த தினமும் திருத்துறதுக்கு பதிலா ஊசல திருத்துங்கன்னு சொல்லி இருக்காரு, துரை கேக்கலயாம். தாத்தா ரேடியோ செய்தி மணி வச்சுத்தான் பார்ப்பாருன்னு அம்மா சொல்றாங்க. அவரு ஏழாவது வரைக்கும்தான் படிச்சாரு சார்.

(5 வாரம் கழிச்சு)

மெஷின பலகையோட கழட்டி, துண்டு சுத்தி துணிக் கூடையில வச்சு பட்டர்வொர்த்துல இருந்து இடிஎஸ் ரயில்ல மடியிலயே வச்சுக்கிட்டு கேஎல் போனேன். செந்தூல் ஐயா வீட்டுல சாப்பாடு போட்டு அனுப்பிச்சாங்க, அத எங்க குடும்பம் மறக்காது. இப்ப திரும்ப வந்து ஓடுது. ஆனா ரெண்டு குறை. மணி 3 ஆனா 7 அடிக்குது. அதோட ராத்திரி 9 மணிக்கு சங்கிலி இழுத்தா மறுநாள் மத்தியானம் 2, 2½ வாக்குல நின்னுருது, தொட்டு விட்டா மறுபடி ஓடுது. மூணு நாளா அதே நேரத்துல.

செந்தூல் கடியாரக்காரர்:

தங்கச்சி, மத்தவங்களும் தெரிஞ்சிக்கட்டும்னு மொதல்ல உள்ள என்ன பார்த்தேன்னு எழுதுறேன். டயலோட காலு நாலும் நேரா முன் தகட்டுல போய் உக்காருது, வேற ஓட்டை ஒண்ணு கூட இல்ல, ஆக டயலும் மெஷினும் ஒண்ணா பொறந்தது. சக்கரத்த கழுவி வெளிச்சத்துல பார்த்தா கம்பி கம்பியா அரம் போட்ட தடம் இன்னும் இருக்கு, கண்ணுக்கு தெரியுற பக்கம் வழவழன்னு, உள்பக்கம் அப்படியே கரடா விட்டிருக்கான், யாரும் பார்க்காத எடத்துல நேரத்த செலவு பண்ணல, ஆனா பல்லு ஒவ்வொண்ணும் தப்பில்லாம இருக்கு. பின் தகட்டுல ஊசி முனையால ரிப்பேர்க்காரங்க கீறி வச்ச வருசம் மூணு, 1841, 1867, 1902. அந்த கால பழக்கம் அது. நானும் கீழ சின்னதா என் அடையாளத்த கீறி இருக்கேன், மன்னிச்சுக்குங்க, கேக்காம செஞ்சுட்டேன். நாலு ஓட்டைக்கு புது பித்தளை போட்டேன், ஊசல் தொங்குற எஃகு பட்டைய மாத்துனேன், வேற எதையும் தொடல.

3 மணிக்கு 7 அடிக்கிறது குறை இல்ல. பின்னாடி ஒரு சக்கரம் இருக்கும், ஓரத்துல வெட்டு வெட்டா, வெட்டுக்கு நடுவுல இருக்குற தூரம் கூடிக்கிட்டே போகும், 1 அடிக்க கொஞ்சம், 2 அடிக்க இன்னும் கொஞ்சம், 12 வரைக்கும், ஒரு சுத்துக்கு மொத்தம் 78 அடி. அந்த சக்கரத்துக்கு முள்ளு எங்க இருக்குன்னு தெரியாது, போன தடவ எத்தன அடிச்சமோ அதுக்கு அடுத்தது அடிக்கும், அவ்வளவுதான். நடுவுல எப்பயாவது நின்னா ரெண்டுக்கும் ஒத்துப்போகாது. நீங்க கூட்ட எடுத்துட்டு அந்த வெட்டுல விழுந்திருக்குற கொக்கிய விரலால மெதுவா தூக்கி விடுங்க, 8 அடிக்கும், மறுபடி தூக்குங்க 9, இப்படியே முள்ளு காட்டுற மணி வரைக்கும் கொண்டு வாங்க. முள்ள பின்னால திருப்பாதீங்க.

மத்தியானம் நிக்கிறது பெட்டி ஆடுறதால. ஊசல் ஆடும்போது பெட்டியும் கண்ணுக்கு தெரியாம ஆடும், எடை எறங்கி எறங்கி ஊசல் குண்டுக்கு நேரா வர்ற நேரம் இருக்குல்ல, 9 மணிக்கு இழுத்தா அது மறுநாள் மத்தியானம்தான் வரும், அப்ப எடையும் சேர்ந்து ஆட ஆரம்பிக்கும், ஊசலோட சக்திய அது வாங்கிக்கும். எடைய கையால பிடிச்சு நிறுத்தி பாருங்க, தெரியும். பின்பலகைய சுவத்தோட சேர்த்து திருகணும், பலகைல ஏற்கனவே ஒரு பழைய ஓட்டை இருக்கும், புதுசா துளை போடாதீங்க. சுவத்துக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு மரத்துண்டு வச்சு காத்து போக எடம் விடுங்க, நம்ம ஊரு சுவரு ஈரம். திருகுன அப்புறம் காதால கேளுங்க, டிக்குக்கும் டாக்குக்கும் நடுவுல இடைவெளி ஒரே மாதிரி இருக்கணும், நொண்டி நடக்குற மாதிரி இருந்தா எனக்கு போன்ல சத்தத்த பதிஞ்சு அனுப்புங்க.

பாகான் ஆஜாம் அக்கா:

ஓட்டை ரெண்டு இருந்துச்சு ஐயா, ஒண்ணு தாத்தா போட்டதா இருக்கும், ஸ்க்ரூ இல்ல, செப்பு வாஷர் ஒண்ணு மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுலயே திருகிட்டோம். மூணு நாளா நிக்கல. மணியும் சரியா அடிக்குது. நட்டு தாத்தா விட்ட எடத்துலயே இருக்கு, ஒரு நாளைக்கு 4 வினாடி முன்னால போகுது, அத திருத்த மனசு வரல. அம்மா ராத்திரி 9 மணிக்கு வந்து நின்னுக்கிறாங்க, நான்தான் இழுப்பேன்னு. அவங்க கைக்கு சங்கிலி கொஞ்சம் பாரம், கடைசி ரெண்டு இழுப்புக்கு என் மகன் அடியில எடைய தாங்கி பிடிக்கிறான். அப்படி தாங்குறதுனால சங்கிலிக்கு எதுவும் ஆகாதுல்ல ஐயா?

செந்தூல் கடியாரக்காரர்:

ஒண்ணும் ஆகாது. தாங்கி பிடிக்கிறது நல்லதுதான், சங்கிலிக்கும் நல்லது அம்மா கைக்கும் நல்லது. ஒரே வேகத்துல ஏத்த சொல்லுங்க, விட்டு விட்டு வெடுக்குன்னு இழுக்க வேணாம்.